முத்த வச்சது யாரு?

போன மாசம் கலைச்செல்வி ஒரு படம் அனுப்பினா. நான் ரிட்டயர் ஆகறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி எங்க வார்டுல சேந்த நர்ஸ் அவ. சக்கரை வியாதிக்காரங்களுக்காக ஆஸ்பத்திரி சுவத்துல ஒட்டறதுக்கு ஒரு நோட்டீஸ் தயார் பண்ணியிருக்காங்க. ‘கால் புண் தீவிரமடையும் முன் மருத்துவமனைக்கு வாருங்கள்’ன்னு போட்டிருக்கு. அதைப் படிச்ச ஒரு பெரியவர், “தீவிரம்னா இன்னாம்மா, தீவிரவாதியா?”ன்னு கேட்டாராம். “அக்கா, முப்பத்தஞ்சு வருஷம் ஜனங்ககூட பேசினவங்க நீங்க. புரியற மாதிரி ஒரு வார்த்தை சொல்லுங்களேன்”னு எழுதியிருந்தா.

இதுல என்ன பெரிய கஷ்டம்? ஆரணியில பொறந்த கொழந்தைக்குக்கூட தெரிஞ்ச வார்த்தைதான். ‘புண்ணு முத்தறதுக்கு முன்னாடி வாங்க’ன்னு டைப் பண்ணேன். அனுப்பப் போய் விரல் நின்னுடுச்சு. அழிச்சேன். மறுபடி அடிச்சேன். மறுபடி அழிச்சேன். அரை மணி நேரம் ஃபோனைக் கையில வச்சுகினு உக்காந்திருந்தேன். சமையல் கட்டுல பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சது, அதுகூட தெரியல.

ஒண்ணைக் கெடுக்கறதுக்கு நம்மகிட்ட வார்த்தைக்கா பஞ்சம்? விஷயத்தைப் பெருசு பண்ணாதே, கிளறி விடாதே, பேஜார் பண்ணாதேன்னு நாள் பூரா சொல்லிகினேதான் இருக்கோம். ஆனா வியாதின்னு வந்துட்டா ஒரே வார்த்தைதான். முத்திடுச்சு. காச்ச முத்திடுச்சு, புண்ணு முத்திடுச்சு, கிறுக்கு முத்திடுச்சு. சொல்றதுக்கு எவ்ளோ சௌகரியமான வார்த்தைன்னு பாருங்க. யாரும் ஒண்ணும் செய்யல, அதுவே பாட்டுக்கு முத்திகிச்சு, அவ்ளோதான்.

இந்த வார்த்தையைக் கேட்டாலே எங்க ஹெட் சிஸ்டருக்கு ஆகாது. மரகதம் சிஸ்டர்னு பேரு. வேலூர்ல ட்ரெய்னிங் முடிச்சு, வந்தவாசி பக்கம், பெரணமல்லூர் பக்கம்னு ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல சுத்திட்டு, ஒரு வழியா சொந்த ஊருக்குப் பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு மாறுதல் வாங்கிகினு வந்தேன். அங்க ஆண்கள் சர்ஜிகல் வார்டு அவங்க கையில இருந்தது. ஆஸ்பத்திரி பேரு வேணாம். என்னைவிட நாலு வயசு பெரியவங்க. ஒல்லியா, உயரமா இருப்பாங்க. சத்தம் போட்டு நான் பாத்ததே இல்ல. திட்டறவங்களையாவது திருப்பி மனசுக்குள்ள திட்டிக்கலாம். இவங்க கேள்வி கேப்பாங்க. அதுக்கு என்ன பண்றது?

டியூட்டி மாத்தறப்போ ஒவ்வொரு கட்டிலா நின்னு பேஷன்ட்டை ஒப்படைக்கணும். நான் சேந்த மொத வாரம், “ஏழாம் நம்பர், கால் புண்ணு முத்திடுச்சு சிஸ்டர்”னேன்.

“அதுவா முத்துச்சா?”

“ஆமா சிஸ்டர்.”

“வெண்டைக்கா அதுவா முத்தும். புண்ணு முத்தறதுக்கு ஒரு ஆள் வேணும். எந்த நாள்லேர்ந்து, எதனால, யாரு கையால? விசாரிச்சு எழுதிட்டு வீட்டுக்குப் போ.”

அன்னிக்கு ரெண்டு மணிக்கு முடிய வேண்டிய டியூட்டி நாலு மணி ஆச்சு. விசாரிச்சா, அந்த ஆளோட மச்சான் யாரோ சொன்னாங்கன்னு புண்ணுமேல காப்பித்தூளை அப்பி, அதுக்கு மேல பிளாஸ்டிக் கவரைச் சுத்தி மூணு நாள் வச்சிருந்திருக்கான். அப்படியே எழுதினேன். சிஸ்டர் படிச்சாங்க. மச்சானைக் கூப்பிட்டு உக்கார வச்சு, புண்ணுக்குக் காத்து ஏன் வேணும்னு கால் மணி நேரம் பொறுமையா சொன்னாங்க. திட்டவே இல்ல. “பேரு எழுதறது அவனை ஜெயிலுக்கு அனுப்பறதுக்கு இல்ல சகுந்தலா. அடுத்த தடவை யாருக்குச் சொல்லிக் குடுக்கணும்னு நமக்குத் தெரியணும், அதுக்குத்தான்”னாங்க.

இன்னொண்ணையும் சொல்லணும். ஒரு தடவை தேவிகாபுரத்துப் பெரியவர் ஒருத்தருக்கு ட்ரிப்ஸ் ஏத்தின கை வீங்கி, செவந்து, சீழ் வச்சிடுச்சு. நாங்க எல்லாம், எந்த டியூட்டியோ, யாரு பாக்காம விட்டதோன்னு முழிச்சுகினு நிக்கறோம். மரகதம் சிஸ்டர் ரிப்போர்ட் புக்கை எடுத்து, ‘முற்ற வைத்தது நான். ஊசி நழுவியதை என் டியூட்டியில் கவனிக்கவில்லை’ன்னு எழுதி முழுப் பேரையும் போட்டு கையெழுத்துப் போட்டாங்க. பெரியவர்கிட்டயும் போய்ச் சொன்னாங்க. அவரு, “பரவால்ல விடும்மா, நீயா வேணும்னு பண்ணே?”ன்னாரு. நான் அப்ப என்ன நெனச்சேன் தெரியுமா? இந்தம்மாவுக்குக் கொஞ்சம் கிறுக்குன்னு நெனச்சேன்.

அவங்களோட இன்னொரு சட்டம், கட்டோட வர்ற புண்ணைக் கட்டோட பாக்கக் கூடாது. யார் கட்டினதா இருந்தாலும் சரி, பெரிய டாக்டரே கட்டினதா இருந்தாலும் சரி, அவுக்கணும். ஒட்டிகினு இருந்தா சலைன் ஊத்தி ஊற வைக்கணும். பிச்சு எடுக்கக் கூடாது, காத்திருக்கணும். அவுத்ததும் மொதல்ல கண்ணு, அப்புறம் மூக்கு, அப்புறம்தான் கை. விரல் விரலா அழுத்திப் பாத்து, “இது தெரியுதா, இது தெரியுதா”ன்னு கேக்கணும். சக்கரைக்காரங்களுக்குக் காலு மரத்துப் போயிருக்கும். வலிக்கலன்னு அவங்க சொன்னா அது நல்ல சேதி இல்ல. “அவுக்காம ‘பாத்தேன்’னு யாரும் எழுதாதீங்க”ம்பாங்க. ஆயிரம் கட்டு அவுத்திருப்பேன் நான். ஒரு கட்டை அவுக்கல.

பத்து வருஷம் ஆகுது. எங்க தெருவுல கோதண்டன்னு ஒரு நெசவாளி. சம்சாரம் பரிமளாவோட நாலு வீடு தள்ளி இருந்தாரு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும், என்னைவிட சின்னவரு, அக்கான்னுதான் கூப்பிடுவாரு. தெருவுல ஒரு நர்ஸ் இருந்தா உங்களுக்கே தெரியும், பால் வாங்கப் போனாலும் ஒருத்தர் நாக்கை நீட்டிக் காட்டுவாங்க. அன்னிக்கு டியூட்டிக்குப் போய்கினு இருந்தேன். கோதண்டன் தறியில உக்காந்தபடியே, “அக்கா, ஒரு நிமிஷம்”னு கூப்பிட்டாரு.

அவங்க வீட்டுது குழித்தறி. குழிக்குள்ள காலை விட்டு மிதியை மிதிச்சுதான் நெய்யணும். மிதிக்கட்டையில ஒரு ஆணி கெளம்பியிருந்திருக்கு. வலது கால் கட்டை விரலுக்குப் பக்கத்து விரலைக் கிழிச்சிடுச்சு. சக்கரை வேற அவருக்கு. கிழிச்சதே தெரியல, பொண்ணு ரேவதிதான் ரத்தத்தைப் பாத்துட்டு கத்தியிருக்கா. உடனே கோதண்டன் என்ன பண்ணாரு, பக்கத்துல கெடந்த பட்டு நூலை எடுத்து, முறுக்கி, விரல் அடியில நாலு சுத்து சுத்தி இறுக்கி முடிச்சுப் போட்டுட்டாரு.

இந்தக் கட்டு எங்க தெருக்காரங்களுக்குத் தெரிஞ்ச கட்டுதான். எங்க அப்பாவும் தறிக்காரர்தான். கை கிழிஞ்சா பட்டு நூலைத்தான் சுத்துவாரு. டாக்டரே பட்டு நூல்லதானே தையல் போடறாருன்னு பெருமை வேற பேசுவாரு. அதனால அந்த முடிச்சைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துது. ரத்தம் சுத்தமா நின்னிருந்தது. குழி ஓரமா குனிஞ்சு பாத்தேன். “நல்லா கட்டியிருக்கியே, கம்பவுண்டர் வேலைக்குப் போலாம் நீ”ன்னேன்.

அவரு சிரிக்கல. “அக்கா, பரிமளா ஆஸ்பத்திரிக்குப் போ, போன்னு உயிரை எடுக்கறா. பாவுல இன்னும் ஒரு சேலை பாக்கி. வானம் மூடிகினு கெடக்கு. மழை பிடிச்சா குழியில தண்ணி ஊறிடும், பாவு நூலு நமுத்து தொஞ்சு போயிடும். முகூர்த்தச் சேலை அது. அஞ்சு நாளு, ஜல்தியா நெய்ஞ்சு அறுத்துடுவேன். அறுத்துட்டு வரட்டா? முத்திடாதே?”

பாவு, அதான் நீளவாட்டு நூலு, அதைத் தறியில பூட்டிட்டா சேலையை நெய்ஞ்சு அறுக்கற வரைக்கும் தறியை விட்டு எழுந்திருக்க மனசு வராது இவங்களுக்கு. காச்சலா இருந்தாலும் உக்காருவாங்க. அந்த வீட்ல வளந்தவதானே நான், எனக்கும் அது தப்பாவே படல. மணி பாத்தேன். பஸ்சுக்கு நேரம் ஆச்சு.

“முத்தாது போ. அறுத்துட்டு வா”ன்னேன்.

அவுக்கல. அஞ்சு நிமிஷ வேலை. அவுத்து, கழுவி, துணிக்கட்டு போட்டு, “மூட்டை கட்டு, இன்னிக்கே கெளம்பு”ன்னு சொல்லியிருக்கலாம். விரலு வீங்கும், பட்டு நூலு வீங்காதுன்னு எனக்கா தெரியாது? எந்த நர்ஸுக்கும் தெரியும். அன்னிக்கு எனக்குத் தெரியல. ஏன் தெரியல? இன்னிக்கு வரைக்கும் எனக்கே விளங்கல. அந்த நேரத்துல நான் நர்ஸா நின்னேனா, தறிக்காரர் பொண்ணா நின்னேனா?

எட்டாம் நாள் கோதண்டனை ஆட்டோவுல தூக்கிகினு வந்தாங்க. காச்சல்ல பிதற்றிகினு இருந்தாரு. நான்தான் டியூட்டி. பாதம் முழுக்க வீங்கி, அந்த விரலு கருத்துப் போயிருந்தது. நூலைத் தேடினேன், கண்ணுல படல. தோலுக்குள்ள புதைஞ்சிருந்தது. சலைன் ஊத்தி, ஊற வச்சு, காத்திருந்து, பிளேடு நுனியால ஒவ்வொரு சுத்தா அறுத்து எடுத்தேன். நாலு சுத்து. செவப்புக் கலரு. அந்த நேரம் என் கை நடுங்கவே இல்ல, அதை நெனச்சாதான் இப்ப பயமா இருக்கு.

வாசல்ல கோதண்டனோட அம்மா மார்ல அடிச்சுகினு மருமகளைத் திட்டிகினு இருந்தாங்க. “பாவி, கட்டினவன் காலைப் பாக்காம அடுப்பையே கட்டிகினு அழுதியே! முத்த வச்சுட்டியேடி! எம்புள்ளைய முத்த வச்சுட்டியே!” பதினாலு வயசு ரேவதி பாட்டியைப் பிடிச்சுகினு நின்னா. அம்மா பக்கம் போகல.

மரகதம் சிஸ்டர் வந்தாங்க. காலைப் பாத்தாங்க. தட்டுல கெடந்த நூலைப் பாத்தாங்க. பரிமளாவைத் தனியா கூப்பிட்டு ஸ்டூல்ல உக்கார வச்சு, எப்பவும் கேக்கற மாதிரியே கேட்டாங்க. “எந்த நாள்லேர்ந்து? இதை யாராவது பாத்தாங்களா? யாருகிட்டயாவது காட்டினாரா?”

நான் கேஸ் ஷீட்டும் பேனாவுமா பக்கத்துல நிக்கறேன். பரிமளா தலையை நிமிந்து என்னைப் பாத்தா. எவ்ளோ நேரம் பாத்தான்னு கேட்டா சொல்லத் தெரியல. அப்புறம், “யாரும் பாக்கல சிஸ்டர். நான்தான் கவனிக்கல”ன்னா.

மரகதம் சிஸ்டர் என்கிட்ட, “எழுதிக்கோ”ன்னாங்க. நான் எழுதினேன். வீட்டில் கவனிக்கவில்லைன்னு என் கையாலயே எழுதினேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. “இவ்ளோ சக்கரைக்கு அந்த விரலு எப்படியும் போயிருக்கும், நூலு ஒரு சாக்குதான்”னு அங்க டாக்டர் சொன்னதா கேள்விப்பட்டேன். அந்த ஒரு வரியைப் பிடிச்சுகினு எத்தனை வருஷம் ஓட்டினேன் தெரியுமா? எப்படியும் போயிருக்கும். அப்ப நான் செஞ்சது ஒண்ணும் இல்ல. விரல்தானே போயிருக்கும், காலு ஏன் போச்சு? அப்ப நான்தான். ஆணியை அடிக்காம விட்டது அவரு. சக்கரைக்கு மாத்திரை சரியா போடாதது அவரு. மழை வரப் போவுதுன்னு பயமுறுத்தினது வானம். அந்த மழைகூட அந்த வாரம் பெய்யவே இல்ல. இப்படிச் சுத்திச் சுத்தி கடைசியில எங்க வந்து நிப்பேன்னா, பரிமளா ஏன் என்னைப் பாத்தா? கோதண்டன் அவகிட்ட சொல்லியிருப்பாரா, மாட்டாரா? தெரிஞ்சு பாத்தாளா, சும்மா பாத்தாளா?

அடுத்த வருஷமே கோதண்டன் மாரடைப்புல போயிட்டாரு. எழவு வீட்லயும் அதே பேச்சுதான். முத்த வச்சுட்டா, முத்த வச்சுட்டா. கெழவி சாகற வரைக்கும் தெரு தெருவா சொல்லிகினு இருந்தாங்க. ரேவதி அதைக் கேட்டே வளந்தா. ப்ளஸ் டூ முடிச்சதும் சித்தப்பா வீட்டோட சென்னைக்குப் போயிட்டா, அங்கேயே கல்யாணமும் ஆச்சு. இப்ப தலைப் பிரசவம். சீமந்தம் முடிஞ்சதும் அம்மா வீட்டுக்குக் கூட்டிகினு வரணும், அதுதானே மொறை? “அப்பாவைப் பாத்துகினது போதும், என்னை வேற பாத்துக்க வேணாம்”னு சொல்லி அனுப்பிட்டாளாம். பரிமளா ஒரு ரூமுக்கு வெள்ளை அடிச்சு, ஃபேன் மாட்டி, வாங்கின கட்டிலைப் பிரிக்காம வச்சிருக்கான்னு தெருவுல பேசிகினாங்க.

கலைச்செல்வி கேட்ட மறுநாள் காலையில பரிமளா வீட்டுக்குப் போனேன். யோசிச்சுப் போனேன்னு சொன்னா பொய். அவளுக்காகப் போறேனா, சாகறதுக்குள்ள என் பாரத்தை எறக்கி அவ தலையில வைக்கப் போறேனா, ஒண்ணும் புரியல. பத்து வருஷம் கழிச்சு இதைச் சொன்னா நல்லது ஆகுமா, இன்னும் கெட்டுப் போகுமா? மரகதம் சிஸ்டர்கிட்ட கேக்கலாம்னா அவங்க மகன்கூட எங்கயோ வெளியூர் போயிட்டாங்க. நாலு வீடு தாண்டறதுக்குள்ள ரெண்டு தடவை திரும்பி வந்தேன்.

பரிமளா கீரை ஆய்ஞ்சுகினு இருந்தா. “வாங்கக்கா, உக்காருங்க”ன்னா. உக்காரல. நின்னபடியே சொல்லிட்டேன். ஆணி, நூலு, பாவு, பஸ்சு, முத்தாது போன்னு சொன்னது, எல்லாம். ஒரே மூச்சுல சொன்னேன்.

அவ கீரையை விடல. ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டுட்டு, “எனக்குத் தெரியும்க்கா”ன்னா.

“தெரியுமா?”

“அன்னிக்கு மத்தியானமே சொன்னாரு. ‘அக்கா பாத்துட்டாங்க, முத்தாதுன்னு சொல்லிட்டாங்க, இனிமே தொணதொணக்காதே’ன்னாரு. அதனாலதான் நானும் வாயை மூடிகினு இருந்தேன். நர்ஸே சொல்லிட்டாங்கன்னா நான் யாரு?”

“அப்ப சிஸ்டர் கேட்டப்போ ஏன்மா சொல்லல?”

“அவரு சொல்ல வேணாம்னாரு. ஆட்டோவுல வர்றப்போ, அந்தக் காச்சல்லயும், ‘அக்கா பேரை எடுக்காதே, வேலை போயிடும்’னாரு. சரி, நானா சொல்லல.” கீரைத் தட்டைத் தள்ளி வச்சா. குரல் மாறிடுச்சு. “ஆனா நீ சொல்லுவேன்னு நெனச்சேன். பேனா புடிச்சுகினு நின்னே பாரு, அப்ப சொல்லுவேன்னு பாத்தேன். எழவுக்கு வந்தப்போ சொல்லுவேன்னு பாத்தேன். என் மாமியார் உன் எதிர்லயே என்னைக் காறித் துப்புச்சே, அன்னிக்குக் கண்டிப்பா சொல்லுவேன்னு பாத்தேன். பத்து வருஷம்க்கா. ஒவ்வொரு நாளும் எங்க வீட்டைத் தாண்டித்தானே பஸ்சுக்குப் போனே?”

நான் அழுதேன். அவ அழல. என்னை மன்னிச்சுடு பரிமளான்னேன்.

“என்கிட்ட சொல்லி என்னா? நான் முத்த வைக்கலன்னு எனக்குத் தெரியாதா?” எழுந்து போய் ஃபோனை எடுத்துகினு வந்தா. ரேவதி நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அமுக்கி, என் எதிர்ல நீட்டினா. “அவகிட்ட சொல்லு.”

மணி அடிச்சுகினே இருந்துது. எடுக்க மாட்டாளோன்னு ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்தது, அதையும் இங்க எழுதிடறேன். அப்புறம் எடுத்துட்டா.

“என்னா இப்ப?”ன்னா. அம்மான்னு கூப்பிடல.

“ரேவதி, நான் நர்ஸ் அத்தை பேசறேன்மா. உங்க தெரு சகுந்தலா. நான் சொல்றதைக் கட் பண்ணாம கேளு. உங்கப்பா காலை முத்த வச்சது உங்கம்மா இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி உங்கம்மா சண்டை போட்டா. நான்தான் அந்தக் கட்டை அவுக்காம, முத்தாது போன்னு சொன்னேன். கேஸ் ஷீட்ல உங்கம்மா மேல எழுதினதும் நான்தான்.”

லைன் இருக்கா, போயிடுச்சான்னு திரையைப் பாத்தேன். நொடி ஓடிகினுதான் இருந்துது. திட்டுவாள்னு காத்திருந்தேன். திட்டினா நல்லா இருந்திருக்கும்.

“அம்மா பக்கத்துல இருக்கா?”

“இருக்காம்மா.”

“அம்மாகிட்ட குடுங்க.”

குடுத்தேன். பரிமளா ஸ்பீக்கரை நிறுத்தத் தெரியாம ரெண்டு தடவை தப்புத் தப்பா அமுக்கி, அப்புறம் அப்படியே காதுல வச்சுகினா. ரேவதி மூக்கை உறிஞ்சறது எனக்கும் கேட்டுது.

“சாப்டியாடி?”ன்னு கேட்டா பரிமளா.

நான் செருப்பை மாட்டிகினு வெளிய வந்துட்டேன்.